கேள்வி கேளாத மாத்திரை

நம் நாட்டில் பகுத்தறிவு என்றால், அது கோயிலைப் பற்றியும் சாமியைப் பற்றியும் சோதிடத்தைப் பற்றியும் பேசுவதற்கு மாத்திரம் பயன்படக்கூடிய ஒரு சாமான் என்கின்ற எண்ணம் இருந்து வருகின்றது. நம் தோழர்களிலேயே பலர் புரோகிதனைக் கண்டால் "ஏன்? எதற்கு? யார் சொன்னது?" என்று கேட்பார்கள், ஆனால் மருந்துக் கடைப் படியேறினால், அந்தக் கேள்வியைச் செருப்போடு சேர்த்து வெளியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகின்றார்கள். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி, அவர் சொன்ன வேளைக்கு விழுங்கிவிட்டு, குணமானால் "நல்ல மருந்து" என்றும், கெட்டுப்போனால் "தலையெழுத்து" என்றும் சொல்லிவிடுகின்றார்கள். இதற்கும் தீர்த்தம் வாங்கிக் குடிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றேன்.

பிறரைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுத வரவில்லை. குற்றவாளிகளில் நானும் ஒருவன். எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

என் அக்காவுக்கு வயது 54. இருபது வருஷத்துக்கு மேலாக இரைப்பு நோய், அதாவது ஆஸ்துமா. பனிக் காலத்தில் இரவெல்லாம் உட்கார்ந்தே விடிய வைப்பாள். ஆறு வருஷத்திற்கு முன் ஒரு வைத்தியர் சிறு வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, பத்து நாள் சாப்பிட்டுவிட்டு மறுபடி வரச் சொன்னார். அது பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை, 10 மில்லிகிராம். மூன்றாம் நாளே மூச்சு சீராகிவிட்டது. ஆகவே வைத்தியரிடம் மறுபடி போகவில்லை. நிறுத்தினால் இரைப்பு வந்தது, சாப்பிட்டால் போயிற்று. "தம்பி, அந்த வெள்ளை மாத்திரையை வாங்கிட்டு வந்துடு" என்பாள். நானும் அந்தப் பழைய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், மாதம் தவறாமல் வாங்கி வந்தேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று சட்டத்தில் அட்டவணை போட்டு வைத்திருக்கின்ற மருந்து அது. ஆனால் கடைக்காரர் ஒரு நாளும் "இது எத்தனை வருஷத்துச் சீட்டு, அண்ணே?" என்று கேட்டதில்லை. நானும் "எத்தனை நாள் இதைச் சாப்பிடலாம்?" என்று கேட்டதில்லை.

இடையில் அக்காவுக்கு அடுக்களையில் மேல் தட்டிலிருக்கும் டப்பா எட்டாமல் போயிற்று. "அம்மா குள்ளமாகிவிட்டாள்" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். நாங்களும் சிரித்தோம். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை தெருக்குழாயில் குனிந்து குடத்தைத் தூக்கினாள். முதுகில் சடக்கென்று ஒரு சத்தம், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மாள் கண்ணேறு என்றார். மாமா, சனி பெயர்ந்ததன் பலன் என்றார். யாரோ ஒருவர் மந்திரித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். நான் வழக்கம்போல் கயிறு கட்டினவரைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், முதுகெலும்பில் ஒன்றல்ல, இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. அதில் ஒன்று பழையது; எப்போது நசுங்கியது என்பது அவளுக்கே தெரியாது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை வருஷமாக இந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எலும்பை ஒரு தடவையாவது அளந்து பார்த்தீர்களா?" என்பதுதான்.

அன்றிரவு அக்கா படுத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கயிறு கட்டினவனைக் கேள்வி கேட்டியே தம்பி, ஆறு வருஷம் மாத்திரை வாங்கிட்டு வந்த உன்னை யாரு கேக்கிறது?"

இதற்கு என்னிடம் பதிலில்லை. ஆகவேதான் இதை எழுதுகின்றேன்.

நிற்க. இந்த மாத்திரை விஷமென்றோ, இங்கிலீஷ் வைத்தியம் மோசமென்றோ நான் சொல்வதாக யாரும் கருதிவிடக் கூடாது. 1948-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹென்ச் என்னும் வைத்தியரும் அவருடைய தோழர்களும், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் பொருளை ஊசி வழியாய்ச் செலுத்த, சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1956-இல் இங்கிலாந்தில், மூச்சுத் திணறி உயிருக்குப் போராடும் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கார்ட்டிசோன் பலனளிக்கிறது என்பதைப் பரிசோதனை செய்தே நிரூபித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வகை மருந்தால் பிழைத்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது. என் அக்காவும் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம்.

ஆனால் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மருந்து உலகத்துக்கு வருவதற்கு முன்பே இதன் கெடுதல் உலகத்துக்குத் தெரியும் என்பதுதான். நம் எல்லோருடைய சிறுநீரகத்தின் தலைமேலும் சிறு சுரப்பி ஒன்று இருக்கின்றது. இதே இனத்தைச் சேர்ந்த சாரத்தை அது தினமும் அளவோடு சுரக்கின்றது. அது அளவுக்கு மேல் சுரந்துவிட்டால் முகம் உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, முதுகெலும்பு நொறுங்கும் என்பதை ஹார்வி குஷிங் என்னும் அறுவை வைத்தியர் 1932-லேயே விவரமாக எழுதியிருக்கின்றார். உடம்பே அதிகமாய்ச் சுரந்தால் எலும்பு போகுமென்றால், அதையே மாத்திரையாக வெளியிலிருந்து கொட்டினால் என்ன ஆகும் என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? கேட்காமல் இருப்பதற்குத்தான் பெரிய பக்தி வேண்டும்!

எலும்பு எப்படிப் போகின்றது? எலும்பு என்பது செத்த கல் அல்ல. அது ஓயாமல் பழுது பார்க்கப்படுகின்ற வீடு. அதில் இரண்டு விதக் கூலியாட்கள் இருக்கின்றார்கள். ஒரு கூட்டம் பழசாய்ப்போன பகுதியை இடிக்கின்றது. மற்றொரு கூட்டம் அங்கே புதிதாய்க் கட்டுகின்றது. ஸ்டீராய்டு என்ன செய்கின்றதென்றால், கட்டுகின்ற கொத்தனாரைச் சாகடிக்கின்றது. இடிக்கின்றவனுக்கு ஆயுளை நீட்டிக் கொடுக்கின்றது. அத்தோடு நில்லாமல், குடல் உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதையும் குறைத்து, இருக்கின்ற சத்தையும் சிறுநீரில் அதிகமாய்ப் போக விடுகின்றது. முதலில் அடிபடுவது உள்ளே சல்லடை போலிருக்கின்ற முதுகெலும்பும் விலாவெலும்பும். பலமாய் இருமினாலே விலா ஒடிந்துபோகிற நோயாளிகளும் உண்டு. பிறகு இடுப்பெலும்பு.

இதில் மிகவும் மோசமான சங்கதி இதன் வேகம். "வருஷக்கணக்கில் சாப்பிட்டால்தானே ஆபத்து? நாம் இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறோம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறாய் இருக்கின்றது. எலும்பு அதிகமாய்ப் போவது முதல் சில மாதங்களில்தான். பிறகு போவது மெதுவாகும், ஆனால் நிற்காது. 2000-ஆவது ஆண்டில் இங்கிலாந்தில், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட 2,44,000-க்கும் மேற்பட்டவர்களையும், அதே எண்ணிக்கையில் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். தினம் 7.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவு சுமார் 5 மடங்கும், இடுப்பெலும்பு முறிவு 2 மடங்குக்கு மேலும் இருந்தது. தினம் 2.5 மில்லிகிராமுக்குக் குறைவாய்ச் சாப்பிட்டவர்களுக்குக்கூட முதுகெலும்பு முறிவு ஓரளவு அதிகமாகவே இருந்தது. மருந்தை நிறுத்தினவர்களுக்கோ ஆபத்து சீக்கிரமே இறங்கிற்று. என் அக்கா சாப்பிட்டது தினம் 10 மில்லிகிராம். அதுவும் ஆறு வருஷம். இதில் சனி எங்கே இருக்கிறான்? கண்ணேறு எங்கே இருக்கிறது?

"நான் தினமும் சாப்பிடுவதில்லை, இரைப்பு வந்தால் ஐந்து நாள் மாத்திரம்" என்பவர்களும் கணக்குப் பார்க்கட்டும். தினம் 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளைக்கு 200 மில்லிகிராம். அப்படி ஐந்து தடவையானால் ஒரு கிராம். ஆயுளில் மொத்தம் அரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள் சாப்பிட்டவர்களுக்கே எலும்பு மெலிவு முதலிய கெடுதல்கள் அதிகப்படத் தொடங்குகின்றன என்று 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டுகின்றது. உயிர் போகிற நேரத்தில் அந்த ஐந்து நாள் மாத்திரையை வேண்டாமென்று சொல்லக் கூடாது. ஆனால் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை அது வேண்டியிருக்கிறதென்றால், தினசரி வைத்தியம் சரியில்லை என்று அர்த்தம். அதைக் கேட்கவேண்டாமா?

இதைக் கேட்டவுடன் சிலர் ஒரேயடியாய் மறுபக்கம் சாய்வார்கள். "பார்த்தீர்களா, இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று சொல்லி இரகசியச் சூரணக்காரரிடம் ஓடுவார்கள். ஹைதராபாத்தில் ஜூன் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஏதோ ஒரு மஞ்சள் மருந்தை விரால் குஞ்சின் வாயில் திணித்து, அந்த மீனை உயிரோடு ஆஸ்துமாக்காரரை விழுங்கச் செய்கின்றார்கள். மருந்தில் என்ன இருக்கிறதென்று கேட்டால் இரகசியம் என்கின்றார்கள். பிற்பாடு அதற்கு "பிரசாதம்" என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். பிரசாதத்திற்கு நிரூபணம் கேட்க முடியாதல்லவா? அது போகட்டும். இரைப்புக்கென்று விற்கப்படுகின்ற சீட்டில்லாத, பெயரில்லாத பொடிகளையும் உருண்டைகளையும் பரிசோதித்துப் பார்த்தபோது, அவற்றிற்குள் இதே ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. "எங்கள் பொடி மூன்றே நாளில் மூச்சைத் திறக்கும்" என்றால் எதனால் திறக்கிறதென்று யோசியுங்கள். டாக்டர் கொடுக்கும் மாத்திரையிலாவது 5 என்றோ 10 என்றோ அளவு போட்டிருக்கின்றது. பொடியிலே அளவும் இல்லை, பெயரும் இல்லை, எலும்பு மாத்திரம் போகும்.

இன்னும் சிலர், இதைப் படித்ததும் பயந்து நாளைக் காலையிலேயே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக்கூடும். அது எல்லாவற்றையும்விட ஆபத்து. பல வாரம் வெளியிலிருந்து சாரம் வந்துகொண்டிருந்தால், உடம்பிலுள்ள சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழிக்காது. இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். இரைப்பும் முன்னிலும் கடுமையாய்த் திரும்பலாம். ஆகவே, குறைப்பதென்றாலும் நிறுத்துவதென்றாலும் டாக்டர் சொல்லும் கணக்குப்படி, படிப்படியாய்த்தான் செய்ய வேண்டும். விழுங்கச் சொன்னால் விழுங்குவதும் பகுத்தறிவல்ல. பயந்தால் எறிவதும் பகுத்தறிவல்ல. அளந்து பார்ப்பதுதான் பகுத்தறிவு.

சரி, எதை அளப்பது? யாரிடம் கேட்பது? சொல்லுகின்றேன்.

முதலாவது, ஸ்டீராய்டு மாத்திரை தினம் 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் சாப்பிட வேண்டியிருந்தால், ஆரம்பித்த ஆறு மாதத்திற்குள் எலும்பு முறியும் அபாயத்தைக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க வாத நோய் வைத்தியர் சங்கத்தார் வகுத்திருக்கின்ற விதி. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களும், முன்பே எலும்பு முறிந்தவர்களும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். இதில் குத்துவதில்லை, அறுப்பதில்லை. சில நிமிஷம் படுத்திருந்தால் போதும். டி-ஸ்கோர் என்று ஓர் எண் கொடுப்பார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் என்று பெயர். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகின்றவர்களுக்கு அந்த எண் அவ்வளவு மோசமாகாத போதே எலும்பு முறிந்துவிடுவதுண்டு. ஆகையால் எண் ஒன்றையே நம்பி உட்காராமல், முதுகெலும்பு ஏற்கனவே நசுங்கியிருக்கின்றதா என்றும் படம் பிடித்துப் பார்க்கவேண்டும். மருந்து தொடர்ந்தால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்கவேண்டும். முகாம்களில் குதிகாலை வைத்து இலவசமாய்ப் பார்க்கின்றார்களே, அது இதற்கு ஈடாகாது. சாதாரண எக்ஸ்ரேயும் எலும்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போன பிறகுதான் மெலிவைக் காட்டும்.

இரண்டாவது, காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு பரீட்சை இருக்கின்றது. வருஷத்துக்கு ஒரு தடவை செருப்பில்லாமல் சுவரோடு நின்று உயரத்தைக் குறித்து வையுங்கள். வாலிபத்தில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும், போன தடவை அளந்ததைவிட 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் டாக்டரிடம் போய் முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை வலியெடுத்துச் சொல்லிவிட்டு வருவதில்லை. எங்கள் வீட்டில் மேல் தட்டு டப்பா எட்டாதபோதே அது சொல்லிற்று. சிரிக்காமல் அளந்திருந்தோமானால் இரண்டாவது எலும்பு பிழைத்திருக்கும்.

மூன்றாவது, சாப்பாடு. தினம் சுமார் 1000 முதல் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி-யும் வேண்டும். நம் ஊரில் என்ன செய்கின்றார்கள்? இரைப்புக்காரனுக்குப் பால் ஆகாது, தயிர் ஆகாது, சளி கட்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகின்றார்கள். ஒருவருக்கு ஒரு பொருள் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதைப் பரீட்சை செய்து தெரிந்துகொள்ளட்டும். எல்லோருக்கும் ஒரே பத்தியம் போடுவது, எலும்பு போகின்ற வீட்டில் சுண்ணாம்பையும் பூட்டி வைப்பதாகும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும் இருக்கின்றது. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் அதிலும் இருக்கின்றது. பீடியும் சுருட்டும் சாராயமும் மூச்சையும் கெடுத்து எலும்பையும் கெடுப்பவை. அவற்றை விட்டேயாக வேண்டும்.

நான்காவது, மருந்து. அபாயம் அதிகமென்று தெரிந்தால் எலும்பைக் காக்கும் மருந்துகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டிய மருந்து உண்டு. வருஷத்துக்கு ஓர் ஊசியும் உண்டு. பல்லில் கோளாறு இருப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிள்ளைப்பேறு வயதிலிருக்கும் பெண்களும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவதாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: மாத்திரையே வேண்டாதபடி செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டையே நேராய் நுரையீரலுக்குள் இழுக்கின்ற இன்ஹேலர் 1972-லேயே வந்துவிட்டது. அதில் அளவு மைக்ரோகிராம் கணக்கு. ஒரு 10 மில்லிகிராம் மாத்திரை என்பது 10,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் பலருக்கு நாளொன்றுக்குச் சில நூறு மைக்ரோகிராமே போதும். ஆனால் நம் மக்கள், "இன்ஹேலர் பழகிவிடும், அது கடைசி மருந்து" என்று பயப்படுகின்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாதென்று பீரோவில் ஒளித்து வைக்கின்றார்கள். சில நூறு மைக்ரோகிராமுக்குப் பயந்து பத்தாயிரத்தை விழுங்குகின்ற இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? இன்ஹேலரும் அதிக அளவில் வெகுகாலம் போனால் எலும்பைச் சிறிது தொடக்கூடும். ஆனால் மாத்திரையின் பக்கத்தில் அது நிற்காது. சரியாய் இழுக்கக் கற்றுக்கொண்டு, பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும். அதற்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு, மாத்திரையைக் குறைக்க உதவும் புது ஊசிகள் 2015 முதல் ஒன்றன்பின் ஒன்றாய் வந்திருக்கின்றன. அவற்றின் விலையோ ஏழையின் மூச்சை நிறுத்துவதாய் இருக்கின்றது.

இங்கேதான் சர்க்காரையும் கேட்கவேண்டியிருக்கின்றது. பிரெட்னிசலோன் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்குவதற்குப் பெட்டிக்கடை அளவு ஊரிலும் வழியிருக்கின்றது. அது தின்ற எலும்பை அளப்பதற்குப் பஸ் ஏறிப் பெரிய நகரத்திற்குப் போகவேண்டியிருக்கின்றது. கூலிக்காரன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவானா? கெடுதல் கைக்கெட்டின தூரத்திலும், பரிகாரம் எட்டாத தூரத்திலும் இருந்தால் அதற்குப் பெயர் வைத்திய வசதியா? ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் எலும்பை அளக்கும் கருவியை வைக்கவேண்டும். இன்ஹேலர் தட்டில்லாமல் கிடைக்கவேண்டும். மருந்துக் கடைச் சட்டம் காகிதத்தில் மாத்திரம் இருக்கக் கூடாது.

இதில் பெண்களின் பங்கு தனி. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தானாகவே மெலியும். அதன்மேல் இந்த மாத்திரையும் சேருகின்றது. அவளுக்குக் குடமும் குறையவில்லை, துணி துவைப்பதும் குறையவில்லை. முதுகு வலிக்கிறதென்றால் "வயசாச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றோம். ஆண்பிள்ளைக்கு வலித்தால் ஆஸ்பத்திரி. பெண்பிள்ளைக்கு வலித்தால் தைலம்! என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

இப்போது அக்கா இன்ஹேலர் இழுக்கின்றாள். மாத்திரையை டாக்டர் பல மாதமாய்ப் படிப்படியாய்க் குறைத்துக்கொண்டு வருகின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எலும்பு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றாள். நசுங்கின எலும்பு நிமிராது. போன உயரம் திரும்பாது. குடத்தை நான் தூக்குகின்றேன். கையிலிருந்த கயிற்றை அவளே அறுத்துப் போட்டுவிட்டாள். அதோடு, மருந்துக் கடைக்குப் போகும்போதெல்லாம், "என்ன கேக்கணும்னு ஞாபகம் இருக்கா, தம்பி?" என்று கேட்டுத்தான் அனுப்புகின்றாள்.

தோழர்களே! உங்கள் வீட்டிலும் இரைப்புக்காரர் ஒருவர் இருப்பார். அவருடைய மாத்திரை அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் என்ன, அளவு என்ன, எத்தனை மாதமாய்ச் சாப்பிடுகிறார், எலும்பை அளந்ததுண்டா என்னும் நான்கு கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "எதற்கு இத்தனை கேள்வி?" என்று யாராவது சீறினால், சிரித்துக்கொண்டே மறுபடியும் கேளுங்கள். முதுகெலும்பு உள்ளவர்கள்தான் கேள்வி கேட்கமுடியும் என்பார்கள்; கேள்வி கேட்டால்தான் முதுகெலும்பு மிஞ்சும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.